பொறியை விட்டுப் பெயர்ந்த மென்பொருள்

நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்குதளத்தை, அதாவது நினைவகத்தையும் கோப்புகளையும் நிர்வகித்துப் பிற நிரல்கள் இயங்க இடமளிக்கும் அடிப்படை மென்பொருளை, உருவாக்கத் தொடங்கியபோது, அது ஒரு குறிப்பிட்ட பொறியின் கட்டளைகளுக்கு மட்டுமே உரிய அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டதால், பொறி மாறினால் மென்பொருளையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. இத்தளையை அறுத்தது ரிச்சி வடிவமைத்த சி மொழி. நினைவக முகவரிகளை நேரடியாகக் கையாளும் அளவுக்குப் பொறிக்கு நெருக்கமாகவும், எந்தப் பொறிக்கும் உரிய கட்டளைகளாகக் கம்பைலர் மாற்றித்தரும் அளவுக்குப் பொதுவாகவும் அது அமைந்தது. 1973-இல் யூனிக்ஸின் கருவே அம்மொழியில் திரும்ப எழுதப்பட்டு, சில ஆண்டுகளில் முற்றிலும் வேறுபட்ட கணினிகளுக்கும் பெயர்ந்தது. ரிச்சியின் பெருஞ்சாதனை மொழியைக் காட்டிலும் இந்தப் பெயர்ச்சியே எனல் தகும். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைத் தாங்கும் லினக்ஸ் கருவும், பைத்தான் மொழியின் முதன்மைச் செயலாக்கமும் பெரும்பாலும் சி மொழியில் அமைந்தவை. 1983-இல் டூரிங் விருது பெற்ற அவர் 2011 அக்டோபரில் மறைந்தபோது, அதே மாதம் மறைந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கிடைத்த உலகளாவிய அஞ்சலியின் சிறு பங்கும் அவருக்குக் கிட்டாதது வருந்தத்தக்கது. ஒதுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே நினைவகத்தில் எழுதுவதைச் சி தடுப்பதில்லை என்பதும், பல பாதுகாப்புக் குறைகள் அதிலிருந்தே பிறந்தன என்பதும் உண்மை. எனினும் அத்தகைய பிழைகளைத் தடுக்கவென 2022-இல் லினக்ஸ் கருவுக்குள் சேர்க்கப்பட்ட ரஸ்ட் மொழியும் அங்கே சி மொழியின் இடைமுகங்கள் வழியாகவே இயங்குகிறது.