நாலாம் ஆண்டின் பயன்

கோப்பாயில் நம் அயலவர் ஒருவர் உளர். வெங்காயமும் புகையிலையும் செய்பவர். அவருடைய இளைய மகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயின்றான். இரண்டாம் ஆண்டுப் பரீட்சை முடிவுகள் வெளிவந்த மறுநாள், தந்தையும் மகனுமாக நம் வீட்டு விறாந்தைக்கு வந்தனர்.

"மாஸ்டர், மூண்டு வருசத்திலை எடுக்கிற பட்டத்தை இவன் நாலு வருசம் படிக்கப் போறானாம். அந்த ஒரு வருசத்தாலை என்ன வரப்போகுது? மூத்தவளின்ரை கலியாணக் கடன் இன்னும் கிடக்குது. நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ" என்றார் தந்தை. மகன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

பல வீடுகளில் எழும் வினா இது. நம் நாட்டில் விஞ்ஞானமாணிப் பட்டம் இரு வகைப்படும். மூன்றாண்டில் முடிவது பொதுப் பட்டம். நான்காண்டில் முடிவது முன்னர்ச் சிறப்புப் பட்டம் என்றும், இப்பொழுது கௌரவப் பட்டம் என்றும் வழங்குவது. முதலிரண்டு ஆண்டுகளும் இருசாராரும் சேர்ந்தே கற்பர். பின்னர், நல்ல புள்ளி பெற்றோர் ஒரு பாடத்தைத் தேர்ந்து அதில் ஆழ்ந்து செல்வர். இறுதியாண்டில் ஓர் ஆராய்ச்சியும் செய்து ஏடாக எழுதிக் கொடுப்பர். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய காலத்தில் நம்மவர் இலண்டன் பரீட்சைக்கே தோற்றினர். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்த பின்னரும் விஞ்ஞானம் கற்க யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டியிருந்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் எழுந்து, விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில் ஆரம்பமாயின. இன்றோ கோப்பாய்ப் பிள்ளை திருநெல்வேலிக்குச் சைக்கிளிலேயே போய் வருகின்றான்.

அன்று நாம் இருபக்கமும் எடுத்துக் கூறினோம். பொதுப் பட்டம் தாழ்ந்ததன்று. வீட்டின் பாரத்தை எண்ணி அதனோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கமும் இல்லை. ஆயினும் ஒன்றுண்டு. மூன்றாண்டும் மாணவன் செய்யும் பரிசோதனைகளுக்கு முடிவு முன்னரே தெரியும். பிழைத்தால் ஆசிரியர் திருத்துவார். நாலாம் ஆண்டிலேதான், ஆசிரியருக்கும் விடை தெரியாத ஒரு வினாவின் முன் அவன் முதன்முதலாக நிற்கின்றான். "உன்னிடம் அப்படி ஒரு வினா உண்டா, தம்பி?" என்று கேட்டோம். "எங்கடை கிணத்துத் தண்ணி, சேர்" என்றான். தந்தை சற்று நேரம் பேசாதிருந்து, "சரி, படிக்கட்டும்" என்று எழுந்தார்.

நம் செம்மண் நீரை விரைந்து கீழே விடும்; அதன் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லோ வெடிப்பும் துளையும் நிறைந்தது. பயிர் உண்ணாது எஞ்சும் யூரியா நைத்திரேற்றாக மாறி, மழைநீரோடு கிணற்றை அடைகின்றது. 1980களிலேயே ஆய்வாளர் இதனைக் கண்டு எழுதினர். அதற்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால், அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலிமை குன்றி, உடல் நீலம் பாரிக்கும்.

எந்தக் கிணற்றில், மாரியில் எவ்வளவு, கோடையில் எவ்வளவு என்பதே பிள்ளையின் வினா. ஓராண்டு முழுதும் போத்தல்களைப் பனிக்கட்டியில் வைத்துக் கட்டிச் சைக்கிளிற் கொண்டுபோனான். 220 நானோமீற்றர் அலைநீள ஒளியை நீரினூடே செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகின்றது என அளந்தான். தோட்டத்தை அணுக அணுக அளவு ஏறியது. ஒரு கிணறு மட்டும் ஒத்துவரவில்லை. தோட்டமே இல்லாத வளவில் இருந்தும் அதன் அளவு உயர்ந்து நின்றது. அதனை விட்டுவிட்டால் ஏடு அழகாக முடிந்திருக்கும். அவன் விடவில்லை; மும்முறை அளந்தான்; பின் அவ்வளவையே சுற்றி நடந்து பார்த்தான். வேலிக்கு அப்பால், சில முழத் தூரத்தில், அடுத்த வீட்டு மலக்குழி இருந்தது. நாலாம் ஆண்டு கற்பிக்கும் பாடம் இதுவே என்போம்: ஒவ்வாத எண்ணை மறைக்காதிருத்தல்.

இன்னொரு கிணறும் இருந்தது. அது தன் வீட்டுக் கிணறு. அதன் அளவும் வரையறையைத் தாண்டியிருந்தது. வீட்டிலே தமக்கையின் நான்குமாதக் குழந்தை, புட்டிப்பால் குடிக்கின்றது. அன்றிரவே பால்மாவுக்குரிய நீரை வேறிடத்திலிருந்து எடுப்பித்தான். தந்தைக்கு அது எளிதாக இருக்கவில்லை. அவர் தகப்பனார் வெட்டிய கிணறு அது. தாம் இட்ட உரமே அதிற் சேர்ந்தது. இரண்டு நாள் மகனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நம்மிடம் வந்து, "மாஸ்டர், யூரியாவை எவ்வளவு குறைச்சால் வெங்காயம் பிழைக்கும் எண்டு ஆரிட்டைக் கேக்கலாம்?" என்றார்.

கடன் இன்னும் முற்றாகத் தீரவில்லை. பிள்ளைக்கு உத்தியோகமும் ஓராண்டு பிந்தியே கிடைத்தது. இவற்றை மறைத்து எழுதுவது நியாயமன்று. பெற்றோருக்கு நாம் கூறக்கூடியது இவ்வளவே: நாலாம் ஆண்டுக்குப் பிள்ளை அனுமதி கேட்டால், என்ன வகுப்பிற் சித்தியெய்துவாய், என்ன சம்பளம் வரும் என்று மட்டும் வினவாதீர்கள். எதனை அறிய விரும்புகின்றாய் என்றும் வினவுங்கள். விடை சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மூன்றாண்டு போதும். தெரிந்த பிள்ளைக்கு, வீடு தாங்குமாயின், அந்த ஓராண்டைக் கொடுங்கள்.