பிப்ரவரிச் சம்பளம்

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தவர்கள் ஆகாய கங்கையைப் பார்ப்பார்கள், அறப்பளீசுவரரைத் தரிசிப்பார்கள், வல்வில் ஓரியின் கொடையைப் புகழ்ந்துவிட்டுத் திரும்புவார்கள். இங்கே மாதச் சம்பளக்காரர் என்றொரு ஜாதியும் உண்டென்பது அவர்கள் கவனத்திற்கு வருவதில்லை. அந்த ஜாதியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கையில் சம்பளப் பட்டியல்.

"ஸார், மாசமெல்லாம் உழைத்தேன். கைக்கு வந்தது கால் பங்குகூட இல்லை. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும்" என்றார்.

நண்பர் இந்த மலையிலேயே பிறந்த மலையாளி; அதாவது பழங்குடி வகுப்பினர். இருபத்தைந்து வருஷமாக ஆசிரியர். வடகிழக்கு மலைகளில் பழங்குடி மக்களுக்கு வருமான வரி இல்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "நானும் பழங்குடிதானே, எனக்குப் பிடிக்க வேண்டாம்" என்று சம்பளப் பட்டியல் தயாரிக்கும் இடத்தில் சொல்லி வைத்தார். அவர்களும் மறுவார்த்தை பேசாமல் விட்டுவிட்டு, பிப்ரவரியில் வருஷம் முழுவதற்குமான தொகையை ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்கள்.

அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல, பாதி உண்மை. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 10(26) பிரிவு அத்தகைய விலக்கை அளித்தது. ஆனால் அது நாகாலாந்து, மணிப்பூர், திரிபுரா, அருணாசலம், மிஜோரம், மேகாலயா முதலிய குறிப்பிட்ட பிரதேசங்களில் வசித்து, அங்கேயே சம்பாதிக்கும் பழங்குடியினருக்கு மட்டுமே. வகுப்பு மட்டும் போதாது. இடமும் பொருந்த வேண்டும். நமது அரசியல் சாஸனத்தின் ஐந்தாவது அட்டவணையிலும் ஆறாவது அட்டவணையிலும் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. ஷில்லாங் ஆசிரியருக்குள்ள சலுகை செம்மேட்டு ஆசிரியருக்கு இல்லாததில் என்ன நியாயம் என்று நண்பர் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால் சட்டம் மாறும் வரையில் சம்பளப் பட்டியல் சட்டத்தின்படியே நடக்கும்.

நியாயக் கேள்வி கேட்டவர்கள் முன்பும் உண்டு. 1860-இல் ஜேம்ஸ் வில்ஸன் இந்தியாவில் முதன்முதலாக வருமான வரியைக் கொண்டு வந்தபோது, அதை எதிர்த்தவர்களில் சென்னைக் கவர்னர் ஸர் சார்லஸ் டிரெவெல்யனும் ஒருவர். தமது ஆட்சேபணையைப் பகிரங்கமாக வெளியிட்டார். பதவியிழந்து சீமைக்குத் திரும்பினார். வில்ஸனும் அதே வருஷம் ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். வரி மட்டும் 1865 வரையில் ஜீவித்து, பிறகு மறைந்து, மீண்டும் அவதாரம் எடுத்தது. சம்பளம் கொடுப்பவரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு 1922-ஆம் வருஷச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் இருந்தது. 1961-ஆம் வருஷச் சட்டத்தில் 192-ஆம் பிரிவாயிற்று. 2025-இல் இயற்றிய புதுச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு நீடிக்கிறது.

இந்த ஏற்பாட்டின் தாத்பரியம் மிக எளியது. வருஷம் முழுவதும் வரக்கூடிய சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்குரிய வரியைக் கண்டு, மாதந்தோறும் பங்கிட்டுப் பிடிக்க வேண்டும். நண்பருக்கு 2025–26-ஆம் கணக்கு வருஷத்துச் சம்பளம் ரூ. 14,75,000. புதிய முறைப்படி கழிவு ரூ. 75,000 போக மீதி 14 லட்சம். முதல் 4 லட்சத்திற்கு வரியில்லை. அடுத்த 4 லட்சத்திற்கு நூற்றுக்கு 5 வீதம் 20,000. அதற்கடுத்த 4 லட்சத்திற்கு 10 வீதம் 40,000. எஞ்சிய 2 லட்சத்திற்கு 15 வீதம் 30,000. ஆக 90,000. அதன்மேல் நூற்றுக்கு 4 மேல்வரி சேர்த்தால் ரூ. 93,600. மாதத்திற்கு ரூ. 7,800 என்று போயிருந்தால் குடும்பம் தாங்கியிருக்கும். பிப்ரவரியில் மொத்தமும் போனால் எந்தக் குடும்பம் தாங்கும்? தொகையில் தவறில்லை, பிடித்த விதத்தில்தான் தவறு. (சம்பளம் 12,75,000-க்குள் இருக்கும் இளம் ஆசிரியர்கள் அஞ்ச வேண்டாம், வேறு வருமானம் இல்லையென்றால் அந்த வருஷத்துக்குப் புதிய முறையில் அவர்களுக்கு வரியே கிடையாது.)

பட்டியலில் இன்னொரு சிறு பிடித்தமும் இருந்தது: தொழில் வரி. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துச் சம்பளக்காரர் மத்திய சர்க்கார், ராஜ்யம், நகரம் மூன்றுக்கும் வருமான வரி கொடுக்கிறார். நம் நாட்டில் சம்பளத்தின் மீது வருமான வரி விதிக்கும் அதிகாரம் யூனியனுக்கு மட்டுமே. ஆனால் சாஸனத்தின் 276-ஆவது ஷரத்து தொழில் வரிக்கு இடம் கொடுத்தது. அதன் உச்சவரம்பு வருஷத்திற்கு 250 ரூபாயாக இருந்து, 1988-இல் 2,500 ஆயிற்று. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை இதை வாங்குவது ஸ்தல ஸ்தாபனம். அரையாண்டு வருமானம் 21,000-க்கு மேற்படாதவருக்கு இல்லை. பள்ளிக்கூடம் வாழவந்தி நாட்டிலிருந்தால் அந்தப் பஞ்சாயத்துக்கும், அரியூர் நாட்டிலிருந்தால் அதற்கும் போய்ச் சேரும். இந்தப் பணம் மலையை விட்டு இறங்குவதில்லை. ஆகவே இதைக் குறித்து நண்பர் முணுமுணுக்கவில்லை. தெருவிளக்கு எரியாதபோது பஞ்சாயத்தில் போய்ச் சத்தம் போட இது தமக்கு உரிமை தருகிறது என்றார்.

அன்றே ஒரு கடிதம் எழுதினோம்: ஏப்ரல் முதல் மாதாமாதம் பங்கிட்டுப் பிடிக்க வேண்டும், பிடித்தது தம் பெயரில் வரவு வைக்கப்பட்டதற்குச் சான்று தர வேண்டும் என்று. பிறகு பீஸ் விஷயம். மாமனார் தோட்டத்து மிளகு காய்ந்துகொண்டிருக்கிறதாம். விவசாய வருமானத்திற்கு யூனியன் வரி இல்லை என்றேன். நண்பர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "அது மாமனார் மிளகு, ஸார். கேட்டால் அவர் பிடிப்பதுதான் பெரிய பிடித்தம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்.