பூஜ்யத்தால வகுக்கலாமா சார்?

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் இன்ஜினியரிங் காலேஜ் ஸ்டாஃப் ரூம்களில் வருஷா வருஷம் ஒரே வசனம்தான்: "இந்த பேட்சுக்கு பேசிக்ஸே இல்ல சார்." கணக்கில் அரியர் வைத்தவர் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர் என்றால் தீர்ப்பு இன்னும் சுலபம். எனக்கு இந்த வசனத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நுண்கணிதத்தின் பேசிக்ஸை நாம் என்றைக்கு நடத்தினோம்?

அந்த பேசிக்ஸ் ஒரு சூத்திரம் கிடையாது, ஒரு சங்கடமான கேள்வி. பஸ் ஓடுகிறது, ஸ்பீடோமீட்டர் முள் 60-இல் நிற்கிறது. வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது. இந்த ஒரு கணத்தில் பஸ் போன தூரம்? பூஜ்யம். ஆன நேரம்? அதுவும் பூஜ்யம். அப்போ அந்த 60 எதைச் சொல்லுது?

இதைக் கேட்காமலே போர்டில் லிமிட் எழுதுகிறோம். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மொதல்ல ஹெச் பூஜ்யம் இல்லைன்னு சொல்லி வகுத்தீங்க. கடைசி வரியில ஹெச் பூஜ்யம்னு போட்டு அடிச்சிட்டீங்க. எது சார் உண்மை?" என்று கேட்டால் கிடைக்கும் பதில்: "எக்ஸாம்ல வராதும்மா, உக்காரு."

1734-இல் ஜார்ஜ் பெர்க்லி 'தி அனலிஸ்ட்' என்று ஒரு புத்தகமே போட்டுக் கேட்டது கிட்டத்தட்ட இதே கேள்விதான். நியூட்டன் வழி வந்தவர்களால் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. லைப்னிட்ஸ் தன் முறையை அச்சில் கொண்டுவந்தது 1684. லிமிட்டை அஸ்திவாரமாக வைத்து கோஷி பாடநூல் எழுதியது 1821. நடுவில் 137 வருஷம், ஆய்லர் மாதிரியான ஆட்கள்கூட விடையைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள், அது ஏன் சரி என்பதைத்தான் இறுக்கமாகச் சொல்ல முடியவில்லை. வயர்ஸ்ட்ராஸ் வந்துதான் மிச்ச ஓட்டையையும் அடைத்தார். நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் சந்தேகமே வராமல் ஒரே பீரியடில் புரிந்துவிட வேண்டுமாம்.

"போர்ஷன் முடிக்கணுமே?" நியாயம்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் கணக்குத் தாள் மேட்ரிக்ஸில் ஆரம்பித்து மல்டிபிள் இன்டெக்ரல் வரை 5 யூனிட் ஓடுகிறது. ஆனால் இதற்குப் பத்து நிமிஷம் போதும். சரிவில் ஒரு பந்து உருளுது, டி விநாடியில் டி ஸ்கொயர் மீட்டர் போகும். சரியாக 3-வது விநாடியில் வேகம் என்ன? 3-லிருந்து 3.1 வரை சராசரி வேகம் 6.1. 3.01 வரை 6.01. 3.001 வரை 6.001. எங்கே போய்ச் சேருதுன்னு கிளாஸே கத்தும். இதில் எந்த இடத்திலும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை எந்த எண்ணை நெருங்குகிறது என்று மட்டும்தான் கேட்டோம். 6-ஐத் தவிர வேறு எந்த எண்ணும் அங்கே பொருந்தாது. அந்தப் பெண்ணுக்கான பதிலும் இதுதான்.

தமிழ் மீடியத்துப் பிள்ளைகள் ப்ளஸ் ஒன்னிலேயே இதை 'எல்லை' என்று படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கிட்டக் கிட்டப் போகலாம், தொட வேண்டிய அவசியமில்லை என்பது அந்த வார்த்தைக்குள்ளேயே பாதி இருக்கிறது. (லிமிட் என்றதும் ஸ்பீடு லிமிட்தான் ஞாபகத்துக்கு வரும்.) காலேஜ் வாசலில் அந்த வார்த்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு கைடைத் திணிக்கிறோம். 16 மார்க் கேள்விகளில் எது ரிப்பீட் ஆகும்னு அதில் ஸ்டார் போட்டிருக்கும். பாஸ் ஆனவர்களும் அதைப் படித்துத்தான் பாஸ் ஆனார்கள்.