உடை விதிகள்: யாரால், யாருக்காக?

வேட்டி கட்டி வந்ததற்காக ஒருவரை உள்ளே விட மறுக்கும் வாசல்கள் இந்நாட்டில் உள்ளன. வேட்டி கட்டி வராததற்காக உள்ளே விட மறுக்கும் வாசல்களும் உள்ளன. முன்னதை மேட்டுக்குடியினரின் மனமகிழ் மன்றங்களிலும் அவற்றின் உணவுக்கூடங்களிலும் காணலாம். பின்னதைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் நாள்தோறும் காணலாம். ஒன்று மேலை நாகரிகத்தின் பெயரால் நடக்கிறது. மற்றொன்று மரபின் பெயரால் நடக்கிறது. இரண்டும் எதிரெதிரானவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. மன்றத்தில் வேட்டி தடுக்கப்பட்டால் பண்பாட்டுக்கு இழுக்கு எனக் கொதிப்போரில் பலர், கோயிலில் சுடிதார் தடுக்கப்படும்போது அமைதி காக்கின்றனர். இந்த முரண்பாட்டை ஆராய்ந்தால்தான் உடை விதிகளுக்குள் ஒளிந்திருக்கும் வர்க்க, சாதிய உள்ளடக்கம் புலப்படும்.

சேப்பாக்கம் முதல் தில்லி வரை

2014 ஜூலை 11 அன்று, சென்னை சேப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் நூல் வெளியீட்டு விழா ஒன்று நடைபெற்றது. அதற்கு அழைக்கப்பட்டிருந்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி அணிந்து வந்ததால் வாசலிலேயே தடுக்கப்பட்டார். வழக்கறிஞர்கள் இருவரும் அவ்வாறே தடுக்கப்பட்டனர். தமிழகமெங்கும் கண்டனம் எழுந்தது. சட்டமன்றத்தில் அனைத்துக் கட்சியினரும் குரல் எழுப்பினர். அடுத்த மாதமே பொது இடங்களில் நுழைவதற்கான உடைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. வேட்டியோ, பிற இந்திய மரபு உடையோ அணிந்தவரை உடையின் காரணமாக மட்டும் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமம் ரத்து ஆகிய தண்டனைகளுக்கு இச்சட்டம் வழிவகுத்தது.

இது வரவேற்கத்தக்க சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் எல்லையையும் காண வேண்டும். தடுக்கப்பட்டவர் உயர்நீதிமன்ற நீதிபதி என்பதால்தான் செய்தி சட்டமன்றம் வரை சென்றது. சட்டமும் பண்பாட்டுப் பெருமையின் மொழியில்தான் பேசுகிறது. வேட்டி தமிழரின் அடையாளம், ஆகவே அதைத் தடுக்கலாகாது என்பதே அதன் வாதம். கைலியும் தலையில் துண்டுமாக வரும் சுமைதூக்கும் தொழிலாளியைப் பற்றி அது வெளிப்படையாக எதுவும் கூறவில்லை. சலவை செய்த வெள்ளை வேட்டிக்குக் கிடைத்த பாதுகாப்பு அழுக்கேறிய கைலிக்கும் கிடைக்குமா என்ற வினாவுக்கு விடையில்லை.

அந்த வினா கற்பனையானதன்று. 2019இல் கோழிக்கோட்டில் கைலி உடுத்தி வந்த ஒருவருக்கு ஓர் ஓட்டலில் அனுமதி மறுக்கப்பட்டது. அதைக் கண்டித்துப் பலர் கைலி உடுத்தி ஊர்வலம் சென்றனர். கேரளத்தின் தெருக்களிலும் வயல்களிலும் சந்தைகளிலும் உழைப்போரின் அன்றாட உடைக்கே அந்த நிலை.

2017 ஜூனில் தில்லியின் கோல்ஃப் மன்றத்தில் நடந்தது இதனினும் கொடிது. மேகாலயாவைச் சேர்ந்த காசிப் பழங்குடிப் பெண் ஒருவர், உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக மதிய உணவுக்குச் சென்றிருந்தார். தம் மக்களின் மரபு உடையான ஜைன்செம் அணிந்திருந்தார். அவரது தோற்றம் வீட்டுப் பணிப்பெண்ணைப் போலிருக்கிறது என்று கூறி, உணவு மேசையிலிருந்து எழுந்து வெளியேறுமாறு மன்ற ஊழியர்கள் பணித்தனர். எதிர்ப்பு எழுந்த பின்னர் மன்றம் வருத்தம் தெரிவித்தது. அவ்வேளையில் பலரும் கேட்டது, அவரைப் பணிப்பெண் என எப்படித் தவறாகக் கருதலாம் என்பதே. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: பணிப்பெண்ணாகவே இருந்தால்தான் என்ன? பணிப்பெண் அந்த மேசையில் அமர்ந்து உண்ணலாகாது என்ற விதியை எவரும் அவ்வளவாக எதிர்க்கவில்லை. தில்லியில் வெளியேற்றப்பட்டது ஓர் உடை என்பதைவிட, அந்த உடை குறிப்பதாகக் கருதப்பட்ட உழைப்பு என்பதே சரி.

பரிமாறுபவரின் கோட்டு

இந்திய மன்றங்களின் உணவுக்கூட விதிகள் பிரிட்டிஷ் அதிகாரிகள் விட்டுச் சென்றவை. ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே மேசையில் அமரலாகாது என்பதற்காகப் பேணப்பட்ட வேலிகளில் இரவு உணவுக்குரிய கோட்டும் கழுத்துப்பட்டியும் ஒரு பகுதி. அதே வழக்கம் இன்று உலகெங்கும் மிதக்கும் சொகுசுக் கப்பல்களில் உயிர்வாழ்கிறது. அவற்றுள் பலவற்றின் முதன்மை உணவுக்கூடத்தில் குறிப்பிட்ட இரவுகளில் முறைசார் உடை கோரப்படும். பெருந்தொகை செலுத்திப் பயணம் செய்பவரும் அரைக்கால் சட்டையோடு வந்தால் வாசலில் திருப்பி அனுப்பப்படலாம். அவர் அறைக்குச் சென்று உடை மாற்றிவரலாம். அல்லது வேறு தளத்தில் உண்ணலாம். அவரது இழப்பு அவ்வளவே.

அதே கூடத்தில் தட்டேந்தி நிற்பவரைப் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அந்தத் தொழிலாளி மடிப்புக் கலையாத சீருடையில், உண்பவரைவிட ஒழுங்காகவே உடுத்தியிருக்கிறார். ஆயினும் அந்த நாற்காலிகளில் ஒன்றுகூட அவருக்குரியதன்று. பணியாளருக்கான தனி உணவறையில்தான் அவர் உண்ண வேண்டும். கப்பல்கள் பலவும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியை ஏற்றிக்கொண்டு, உரிமையாளரின் சொந்த நாட்டுத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து நழுவிக்கொள்கின்றன. தகுந்த உடை அணிந்தால் தகுந்த மரியாதை கிடைக்கும் என்ற வாதம் இங்கே தகர்ந்துவிடுகிறது. நாற்காலியைத் தருவது கோட்டு அன்று, காசு.

திருவனந்தபுரம் கற்ற பாடம்

உடையில் எழுதப்பட்ட அதிகாரத்தைத் திருவனந்தபுரத்தைவிட நன்கறிந்த நகரங்கள் சிலவே. இந்நகரிலிருந்து ஆட்சி செய்த திருவிதாங்கூர் அரசு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில் வாழ்ந்த நாடார் பெண்கள் தோள்சீலை அணிவதை 1829 பிப்ரவரி 3 அன்று அரச ஆணையாலேயே தடை செய்தது. சந்தையிலும் சாலையிலும் பெண்களின் மேலாடை கிழித்தெறியப்பட்டது. தலைமுறைகளைக் கடந்து நீடித்த போராட்டத்தின் பயனாக 1859 ஜூலை 26 அன்று அரசு இறங்கி வந்தது. அப்போதும் முழுமையாக இறங்கவில்லை. மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று அந்த ஆணை நிபந்தனை விதித்தது. மறைப்பதா வெளிக்காட்டுவதா என்பதில் அரசுக்கு அக்கறை இல்லை. பார்த்தவுடன் சாதி தெரிய வேண்டும் என்பதில்தான் அக்கறை இருந்தது.

இன்று பெருங்கப்பல்கள் வந்து நிற்கும் விழிஞ்ஞத்தை அடுத்துள்ளது வெங்ஙானூர். அங்கே பிறந்த அய்யன்காளி, 1893இல் வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, வெண்காளைகள் பூட்டிய வில்வண்டியில் பொதுச்சாலையில் சென்றார். புலையர் அச்சாலையில் நடப்பதே குற்றமெனக் கருதப்பட்ட காலம் அது. 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் வெடித்த கல்மாலைப் போராட்டத்தில், தங்கள் சாதிக்கு அடையாளமாகக் கழுத்தில் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளைப் புலையர் பெண்கள் அறுத்தெறிந்தனர். முன்னையது மறுக்கப்பட்டதை அணிவதற்கான போராட்டம். பின்னையது திணிக்கப்பட்டதைக் கழற்றுவதற்கான போராட்டம். தடையும் திணிப்பும் ஒரே அதிகாரத்தின் இரு கைகள் என்பதை அந்த மக்கள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தனர்.

இந்த வரலாறு மறக்கடிக்கப்படுவதும் தற்செயலானதன்று. தோள்சீலைப் போராட்டத்தைப் பேசிய ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடப்பகுதியிலிருந்து வினாக்கள் கேட்கப்படா என்று 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அறிவித்தது. 2019இல் உடையின் சமூக வரலாற்றைக் கூறும் அந்த அத்தியாயமே பாடநூலிலிருந்து நீக்கப்பட்டது. இதற்கு மாறாக, 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் நடைபெற்ற தோள்சீலைப் போராட்ட 200ஆம் ஆண்டு விழாவில் கேரள, தமிழக முதல்வர்களான பினராயி விஜயனும் மு.க. ஸ்டாலினும் ஒரே மேடையில் நின்றனர். விழாவோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

வாடகைக்குக் கிடைக்கும் மரபு

பத்மநாபசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் வேட்டியுடன் மட்டுமே, மேலாடையின்றிச் செல்லலாம். சுடிதார் அணிந்த பெண்கள் அதன்மேல் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டால் உள்ளே செல்லலாம். அதற்கான வேட்டி கிழக்குக் கோட்டைப் பகுதியில் வாடகைக்குக் கிடைக்கிறது. சில நிமிடங்களுக்கு வாடகைக்கு எடுத்துச் சுற்றிக்கொள்ளும் துணியால் எந்தத் தூய்மை காக்கப்படுகிறது என்று எவரும் விளக்குவதில்லை.

2016 நவம்பர் இறுதியில், சுடிதாருடன் பெண்கள் செல்லலாம் எனக் கோயிலின் செயல் அலுவலர் அனுமதித்தார். சில அமைப்புகள் வாசலை மறித்தன. டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அவ்வாணையை ரத்து செய்தது. வழக்கத்தை மாற்றும் அதிகாரம் செயல் அலுவலருக்கு இல்லை, தந்திரியின் கருத்தே இறுதியானது என்றது. அணிபவர் பெண்கள், அனுமதி வழங்கியவர் அலுவலர், இறுதிச் சொல் தந்திரிக்கு. இந்த வரிசையில் பெண்களின் கருத்துக்கு இடமே இல்லை.

ஆயினும் மாற்றத்தின் குரல் சமயத்துக்குள்ளிருந்தே எழுகிறது. திருவனந்தபுரம் மாவட்டம் வர்க்கலையிலுள்ள சிவகிரியில், 2024 டிசம்பர் இறுதியில் நடந்த தீர்த்தாடன மாநாட்டில், ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் செல்லும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று மடத்தின் தலைவர் சச்சிதானந்த சுவாமிகள் கூறினார். பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அவ்வழக்கம் தோன்றியது என்பது அவரது கருத்து. நாராயண குருவின் வழிவந்த மடத்திலிருந்து எழுந்த இக்குரலை அதே மேடையில் பினராயி விஜயன் ஆதரித்தார். நாயர் சேவை சங்கத்தின் தலைமை உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதே, சட்டைக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பைக் காட்டப் போதுமானது.

எல்லா விதியும் ஒன்றன்று

அவ்வாறாயின் உடை விதிகளே கூடா என்பதா? இல்லை. கட்டுமானத் தொழிலாளிக்குத் தலைக்கவசம் வேண்டும். அதை வழங்காத முதலாளியைத் தொழிற்சங்கம் எதிர்க்கிறது. 2023 ஜூனில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர் சிலர், சமய நம்பிக்கையின் அடிப்படையில் அறுவை அரங்கில் முழுக்கை உடை அணிய அனுமதி கோரினர். கைகளை முழங்கை வரை கழுவ வேண்டியிருப்பதால் முழுக்கை உடை நோய்த்தொற்றுக்கு இடம் தரும் என்று மருத்துவர்கள் விளக்கினர். இங்கே விதிக்குக் காரணம் இருந்தது. அதை வெளிப்படையாகச் சொல்லவும் முடிந்தது. சாதி, சமயம், பதவி பாராது அது அனைவருக்கும் பொருந்தியது. கோரியவர்களை இழிவுபடுத்தாமல் விவாதிக்கவும் இடமிருந்தது. உணவுக்கூடத்தின் கழுத்துப்பட்டிக்கோ கோயில் வாசலின் வாடகை வேட்டிக்கோ இத்தகைய காரணம் எதையும் காட்ட இயலாது.

தம்பானூர் காட்டும் வழி

திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே, தம்பானூரில், லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கோபுரத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இயங்குகிறது. காபி வாரியம் தன் கடைகளை மூடித் தொழிலாளர்களை வெளியேற்றியபோது, ஏ.கே. கோபாலனின் வழிகாட்டுதலில் அத்தொழிலாளர்களே கூட்டுறவு அமைத்து 1958இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடையைத் திறந்தனர். அந்த மரபில் வந்தது இது. கைலி கட்டியவரும் கோட்டு அணிந்தவரும் இங்கே அடுத்தடுத்து அமர்ந்து உண்கின்றனர். வாசலில் எவரும் நிறுத்தப்படுவதில்லை. உடை விதி இல்லாததால் அந்த உணவுக்கூடத்தின் ஒழுங்கு குலைந்துவிடவில்லை.

ஆனால் அங்கே பரிமாறும் தொழிலாளி இன்றும் விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்தே நிற்கிறார். துரைமார்க்குப் பணிபுரிந்த காலத்தின் எச்சம் அது. அதைத் தங்கள் நிறுவனத்தின் பெருமைமிக்க அடையாளமாகத் தொழிலாளர்கள் கருதலாம், கழற்றிவிடவும் விரும்பலாம். முடிவு அவர்களுடையது. தங்கள் சீருடையைத் தாங்களே தீர்மானிக்கும் கூட்டுறவு உரிமை அவர்களிடம் இருக்கிறது என்பதே தனியார் ஓட்டலிலிருந்தும் சொகுசுக் கப்பலிலிருந்தும் அதை வேறுபடுத்துகிறது.

இதிலிருந்து இயக்கத்தின் கடமைகள் தெளிவாகின்றன. தமிழகத்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் மரபு உடை என்ற எல்லையைத் தாண்டி, உழைப்போரின் எளிய உடைக்கும் வெளிப்படையான பாதுகாப்பு வழங்குமாறு திருத்தப்பட வேண்டும். வீட்டுப் பணியாளர், ஓட்டுநர் ஆகியோரை உணவுக்கூடத்திலிருந்து விலக்கும் மன்ற விதிகள் சட்டவிரோதமாக்கப்பட வேண்டும். இத்தகைய சட்டம் கேரளத்திலும் தேவை. உட்காரும் உரிமையைக் கேரளத்தில் 2018இலும் தமிழகத்தில் 2021இலும் கடை ஊழியர் போராடிப் பெற்றது போல, சீருடையின் தன்மையிலும் செலவிலும் கருத்துரைக்கும் உரிமையை ஓட்டல் தொழிற்சங்கங்கள் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். கோயில் வாசலில் மாற்றம் கோரும் பக்தர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உறுதியான ஆதரவு தரப்பட வேண்டும்.

இடதுசாரி ஊழியர்களுக்கும் ஒரு சொல் உண்டு. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் பொதுவாழ்வின் சீருடையாகி வருகின்றன. கட்சி அலுவலகத்துக்குக் கைலியுடன் வரும் தோழர், வாசலில் ஒரு கணம் தயங்கி நிற்கிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் தயங்குகிறார் எனில், எவரும் எழுதாத ஒரு விதி அங்கேயும் செயல்படுகிறது. முதலில் நீக்க வேண்டிய விதி அதுவே.