அளக்கும் கொத்து யார் கையில்?

பங்கு என்பது என்ன, முறை என்பது என்ன என்று யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு கிணற்றுக்கு நான்கு பங்காளிகள் இருந்தால் எவருக்கு எந்த நாள் இறைப்பு என்பது ஊரறிந்த செய்தி. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் காணி உறுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பங்கை விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். அது உண்மையான உடைமை.

இதே பங்கு என்னும் சொல்லைத் தாங்கிக்கொண்டு வேறொரு பண்டம் உலகச் சந்தையில் விற்கப்படுகிறது. விடுமுறைக் காலப்பங்கு என்பது அதன் பெயர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் உழைக்கும் நம் உறவினர்க்கும், தென்னிந்தியாவுக்கு உலாச் செல்லும் நம் உத்தியோகத்தருக்கும் இந்தப் பண்டம் புதியதன்று. வெங்காயமும் புகையிலையும் விற்று ஈட்டிய பணமும், பனியில் நின்று உழைத்து மிச்சம் பிடித்த பணமும் இதற்குள் போய் விழுவதற்கு முன்னர், இதன் உள்ளமைப்பை நம் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நமது நோக்கம்.

தொடக்கத்தில் இந்த ஏற்பாடு எளிமையானதாகவே இருந்தது. உல்லாச விடுதியொன்றின் ஒரு வீட்டை ஐம்பது பேருக்கு விற்பார்கள். ஆளுக்கு ஆண்டில் ஒரு வாரம். இன்ன வீடு, இன்ன வாரம். ஏறக்குறைய நமது கிணற்று முறை போன்றதுதான். பின்னர் புள்ளி முறை பரவியது. சுவிற்சர்லாந்தில் 1963இல் தோன்றிய ஹப்பிமாக் நிறுவனம் இவ்வழியில் முன்னோடி. அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் 1991இல் புள்ளி முறையோடு தனது விடுமுறைக் கழகத்தைத் தொடங்கியது. இந்தியாவில் ஸ்டெர்லிங் நிறுவனம் 1986இலும் மகிந்திரா நிறுவனத்தின் கழகம் 1996இலும் இத்தொழிலில் இறங்கின. மகிந்திரா கழகம் இருபத்தைந்து ஆண்டு அங்கத்துவத்தை விற்று, ஆண்டின் பருவங்களுக்கு நிறங்களைப் பெயராக வைத்தது.

புள்ளி முறையில் நீங்கள் வாங்குவது வீடுமன்று, வாரமுமன்று. ஆண்டுதோறும் உங்கள் பெயரில் இத்தனை புள்ளிகள் வரவு வைக்கப்படும் என்னும் வாக்குறுதியையே வாங்குகிறீர்கள். ஓர் இரவு தங்குவதற்கு எத்தனை புள்ளி என்பதைக் கம்பனியின் அட்டவணை சொல்லும். பெரிய அறைக்குக் கூடுதல் புள்ளி. வெள்ளி, சனி இரவுகளுக்குக் கூடுதல் புள்ளி. பள்ளி விடுமுறைக்கு அதைவிடக் கூடுதல் புள்ளி. செலவழிக்காத புள்ளியை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கலாம், அடுத்த ஆண்டின் புள்ளியை முன்கூட்டியே கடன் வாங்கலாம் என்று பல கம்பனிகள் இடமளிக்கின்றன. ஆனால் தவணை தவறினால் புள்ளி மடிந்துபோகும். வேறு கம்பனியின் விடுதிக்குச் செல்ல விரும்பினால் பரிமாற்ற நிறுவனத்துக்குத் தனிச் சந்தாவும் தனிக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

ஏழு நாளையும் ஒன்றாக எடுக்க வேண்டியதில்லை, இரண்டு நாள் இங்கும் மூன்று நாள் அங்குமாகப் பிரித்து எடுக்கலாம் என்பது இம்முறையின் உண்மையான நன்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம்: நெல்லை விற்பவன் கையிலேயே கொத்தையும் கொடுத்துவிட்டு, அவன் அளந்தது சரியென்று எந்தக் கமக்காரனாவது ஒப்புக்கொள்வானா? இன்று ஓர் இரவுக்கு நூறு புள்ளி என்றிருப்பது பத்தாண்டு கழித்து நூற்றைம்பது புள்ளியாகலாம். எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் எல்லை வைக்கப்படாதவிடத்து, உங்கள் புள்ளி குறையாமலே உங்கள் விடுமுறை குறைந்துவிடும்!

இனி விலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் அண்மைய ஆண்டுகளில் ஒரு காலப்பங்கின் சராசரி விலை ஏறத்தாழ 24,000 டொலர். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தின் சராசரி 1,000 டொலருக்கு மேல். பராமரிப்புக் கட்டணத்தை 1,000 டொலரென்றே வைத்து, அது ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் உயர்வதாகக் கொள்வோம். இருபத்தைந்தாம் ஆண்டில் அக்கட்டணம் 2,560 டொலரைத் தாண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 41,600 டொலர். முதல் விலையையும் கூட்டினால் 65,600 டொலர். ஆண்டுக்கு ஒரு வாரமென்று பிரித்தால் ஓர் இரவுக்கு 375 டொலர். விமானச் செலவும் சாப்பாடும் இதில் அடங்கவில்லை. கடன்பட்டு வாங்கியிருந்தால் வட்டியும் இதில் அடங்கவில்லை. ஒரேயோர் ஆண்டு போகாமல் விட்டாலும் கட்டணம் நிற்காது. விடுதி உங்களை மறந்தாலும் கட்டணச் சீட்டு உங்களை மறவாது!

"இது முதலீடு" என்று விற்பனையாளர் கூறுவர். நமது ஒற்றியை நினைத்துப் பாருங்கள். ஒற்றிக்குப் பணம் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பான். மீட்கும் நாளில் கொடுத்த முதல் அவனிடம் திரும்பும். காலப்பங்கிலோ அனுபவம் உண்டு, முதல் திரும்புவதில்லை. இடையில் விற்க முனைந்தாலும் வாங்குவார் அரிது. பெருந்தொகை கொடுத்து வாங்கிய பங்கை அற்ப விலைக்கு விற்க நேர்ந்தவர் பலர். விற்றுத் தருகிறோம் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் மோசடிக்காரர் கூட்டமொன்றும் இதன் நிழலிலேயே வளர்ந்திருக்கிறது. முடிவுக்காலம் குறிக்கப்படாத ஒப்பந்தமாயின், தந்தையின் கையொப்பம் பிள்ளைகளின் தலையில் சுமையாக வந்து நிற்கவும் கூடும்.

இவற்றைக் கண்டே பல நாடுகள் சட்டம் செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு ஆணையும், அதனை ஒட்டிய பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு விதிகளும், ஒப்பந்தத்தைக் கைவிடப் பதினான்கு நாள் அவகாசம் தருகின்றன. அந்நாள்களுக்குள் முன்பணம் வாங்குவதும் தடுக்கப்பட்டுள்ளது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் பத்து நாள் அவகாசம் தருகிறது. ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் 2015 முதல் அளித்த தீர்ப்புகளில், ஐம்பது ஆண்டுக்கு மேல் நீளும் ஒப்பந்தங்களையும், இன்ன வீடு இன்ன காலம் என்று வரையறுக்காத ஒப்பந்தங்களையும், அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானவையென்று செல்லாதனவாக்கியது. உறுதியில் எல்லை குறிக்காமல் காணி வாங்காத நம் மக்களுக்கு இத்தீர்ப்பின் நியாயம் எளிதில் விளங்கும்.

எல்லோரும் ஏமாந்தார்கள் என்று நாம் கூறவில்லை. ஆண்டுதோறும் தவறாமல் உலாச் செல்பவர், ஓராண்டுக்கு முன்பே திட்டமிடக் கூடியவர், கடனின்றி வாங்கக் கூடியவர் ஆகியோருக்கு இது பயன்படலாம். ஆனால் நம்மவரின் நிலை வேறு. பிள்ளைகளுக்கு யூலை, ஓகஸ்டில்தான் விடுமுறை. அதுவே விலையுயர்ந்த பருவம். அந்த விடுமுறையிலும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஊருக்கு வரவே நெஞ்சம் துடிக்கும். கலியாணமும் மரணவீடும் நாள் பார்த்து வருவதில்லை. இத்தகைய வாழ்க்கைக்கு இருபத்தைந்து ஆண்டு விடுமுறைக் கடப்பாடு பொருந்துமா?

ஆகவே நாம் கூறுவது இதுதான். இலவச விருந்துக்கும் பரிசுப் பொதிக்கும் அழைத்து, கணவனையும் மனைவியையும் ஒருங்கே இருத்தி, "இந்த விலை இன்றைக்கு மட்டுமே" என்று சொல்லும் இடத்தில் கையொப்பமிடாதீர்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுங்கள்: கட்டணம் எவ்வளவு உயரலாம்? புள்ளி அட்டவணையை எவர், எந்த அளவுக்கு மாற்றலாம்? நான் விலக விரும்பினால் வழி என்ன? நான் இறந்தபின் பொறுப்பு யாருக்கு? விடை தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியது எதுவுமில்லை. ஏற்கெனவே கையொப்பமிட்டவர்கள் அவகாச நாளை இன்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கீரிமலையிலும் சந்நிதியிலும் வருவோர் தங்க மடம் கட்டிய இனம் நாம். அங்கே புள்ளியும் இல்லை, பருவ நிறமும் இல்லை. விடுமுறை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கிணற்றில் பங்கு வாங்குபவன் முதலில் தண்ணீரைப் பார்ப்பான், பிறகு உறுதியைப் பார்ப்பான், அதன் பிறகே மடியை அவிழ்ப்பான். அந்த வழமையை விடுமுறை வாங்கும்போதும் நம் மக்கள் கைவிடலாகாது.