பட்டியலில் இல்லாதது, இல்லாததுதானா?



வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வருவதை அறிவீர்கள். 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது. உங்கள் பள்ளிக் குழு அங்கே சென்று படங்கள் எடுத்து, குறிப்புகள் எழுதி, பறவை ஒலிகளையும் பதிவு செய்துவந்ததாகக் கொள்வோம். இப்போது கணிப்பொறியில் ஒரே கோப்புறையில் 1000 கோப்புகள் கிடக்கின்றன. படங்களை மட்டும் பிரித்துக் காண்பது எப்படி?

லினக்ஸ் கணிப்பொறியானால் கட்டளைச் சாளரத்தில் சிறிய ஆங்கில எழுத்துக்களில் 'எல்எஸ்' என்று தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி, புள்ளி, 'ஜேபிஜி' ஆகியவற்றைச் சேர்த்துத் தட்டுங்கள். நொடியில் பட்டியல் வந்துவிடும். நட்சத்திரத்திற்கு, 'எந்தப் பெயராயினும் சரி' என்று பொருள். 1971-ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே 'எல்எஸ்' இடம்பெற்றிருக்கிறது.

கட்டளையைக் கற்பது எளிது. அது தரும் விடையைச் சரிபார்க்கக் கற்பதே முக்கியம் என்பது என் கருத்து.

ஏன் தெரியுமா? இக்கட்டளை படத்தைப் பார்ப்பதில்லை. பெயரின் வாலை மட்டுமே பார்க்கிறது. பல கேமராக்கள் அந்த வாலைப் பெரிய எழுத்துக்களில் எழுதுகின்றன. லினக்ஸுக்கோ பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. அக்கோப்புகள் பட்டியலில் வாரா. கேமராவில் மட்டும் பதிவான பூநாரை, 'இவ்வாண்டு வரவில்லை' என்று உங்கள் அறிக்கையில் ஏறிவிடும்! இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். குறிப்புக் கோப்பு ஒன்றின் வாலை 'ஜேபிஜி' என்று மாற்றினால், அதுவும் படங்களின் வரிசையில் வந்து நிற்கும்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரையில் பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். பறவை இன்ன இனம் என்று சரியாகக் கண்டறியாமல் மாட்டினால், எண் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பதிவு பிழைதானே? கோப்பின் வாலும் அத்தகைய வளையமே. அதை மாட்டுபவர்கள் நாம்.

ஆகவே, படம், குறிப்பு, ஒலி என்று மூன்று பட்டியல்கள் எடுத்து எண்ணிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 1000 வரவில்லையா? ஏதோ விடுபட்டிருக்கிறது, தேடுங்கள். ஒரு கோப்பின் மேல் ஐயம் எழுந்தால் 'ஃபைல்' என்ற கட்டளையைக் கொடுங்கள். அது கோப்பின் உள்ளே படித்துப் பார்த்து வகையைச் சொல்லும். ஜேபிஜி படமானால் முதல் இரண்டு பைட்டுகள் 255, 216 என்றே இருக்கும்.

கணிப்பொறி கேட்டதைத் தரும். கேட்டது சரியா என்று பார்ப்பது நம் வேலை.