நோயாளிக்கு மாத்திரை மட்டும் போதுமா?

நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொல்லுகிறது. இது வந்து போகும் வியாதியல்ல. ஆயுள் முழுவதும் கூடவே இருப்பது. மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் டாக்டரைப் பார்க்கிறவன் மற்ற நாளெல்லாம் யார் கையில் இருக்கிறான்? தன் கையில்தானே! அப்படியானால் சிகிச்சையின் பெரும்பாகத்தைச் செய்ய வேண்டியவன் நோயாளியே என்பது விளங்கவில்லையா?

2021-ல் ஏற்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் மாத்திரை வந்த வாசலுக்கு அறிவும் வரவேண்டாமா? "இது எதற்கு?" என்று கேட்டால், "நீ டாக்டரா?" என்று அதட்டும் இடங்கள் இன்னும் உண்டு. மருந்துச் சீட்டு என்ன, காதில் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றும் வேதமா?

சொல்லிக் கொடுக்காத இடத்தில் தலைவிதியும் கர்மபலனும் வந்து உட்கார்ந்து கொள்ளுகின்றன. நாளடைவில் நீரிழிவு காலின் உணர்ச்சியைக் கொன்றுவிடக் கூடும். முள் தைத்தாலும் சுட்டாலும் தெரியாது. அப்படிப்பட்டவன் நேர்த்திக்கடன் என்று வெறுங்காலோடு கொதிக்கும் தார்ரோட்டில் நடந்தால், தீ மிதித்தால், கொப்புளம் புண்ணாகி, புண் அழுகிக் காலையே எடுக்க நேரிடலாம். இன்சுலின் போட்டுக் கொண்டு விரதமிருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அதைச் சாமி வந்ததென்று கற்பூரம் காட்டினால் உயிருக்கு யார் ஜவாப்தாரி? தினம் பாதத்தைப் பார். கை நடுங்கி வியர்த்தால், நினைவிருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடி. 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதி. இதைச் சொல்லிக் கொடுக்க என்ன பெரிய படிப்பு வேண்டும்?

மேல்நாட்டார் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1918-ல், பாஸ்டன் டாக்டர் ஜாஸ்லின் நோயாளிகளும் படிக்கும்படி நீரிழிவுப் புத்தகம் எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் கேட் லோரிக் அம்மையார் குழுவினர் ஏற்படுத்திய வகுப்பு, வாரம் இரண்டரை மணி வீதம் ஆறே வாரம். நடத்துகிறவர்கள் டாக்டர்களல்ல, நீடித்த வியாதியோடு வாழும் சாதாரண ஜனங்களும் அதில் ஆசிரியர்கள். படித்தவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் குறைந்தன என்று 1999-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. மருந்தை விடச் சொன்ன வகுப்பல்ல அது; மருந்தைப் புரிந்து சாப்பிடச் சொன்ன வகுப்பு.

ஆகவே ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் இத்தகைய வகுப்பை, எழுத்தறியாதவருக்கும் விளங்கும் பேச்சுத் தமிழில், சர்க்கார் நடத்த வேண்டும். வாலிபர்கள் தங்கள் தெருவிலேயே துவக்கலாம். தன் உடம்பைப் பற்றிக் கேட்கவும் உரிமையில்லாதவனுக்குச் சுயமரியாதை ஏது என்று கேட்கின்றோம்.